பார்ட்டிட்சு கற்க எந்த வழி நல்லது?

லண்டன் கனவான்கள் மேல்கோட்டும் தொப்பியும் கைத்தடியுமாக நடமாடிய காலத்தில் அவர்களுக்கென்றே உருவான தற்காப்புக் கலை பார்ட்டிட்சு. 1898-ல் தொடங்கி 1902-ல் நின்றுபோனது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அந்தப் பெயரில் யாரும் சொல்லித்தராமல் கிடந்த கலையை இப்போது பிரிட்டனிலும் ஐரோப்பாவின் வேறு சில நாடுகளிலும் வட அமெரிக்காவிலும் மறுபடி பயில்கிறார்கள். ஆனால் பார்ட்டிட்சு என்று பெயர் சொல்லும் இரண்டு வகுப்புகளுக்குப் போனால் இரண்டிலும் ஒரே பாடம் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒன்றில் பழைய பத்திரிகைப் படங்களை வரிசை மாறாமல் செய்து பார்ப்பார்கள். இன்னொன்றில் முகமூடி போட்டுக்கொண்டு கைத்தடியால் நிஜமாகவே மோதுவார்கள். புதிதாகச் சேர நினைப்பவர் எதை எடுப்பது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கும் ஒரு மல்லுக்கட்டுக் கலையை, முடிந்தால் ஜூடோவை, முதலில் கற்றுக்கொள்ளுங்கள். கைத்தடிப் பாடத்தை மட்டும் பார்ட்டிட்சு மறுமலர்ச்சிக்காரர்களிடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பது, 1902-ல் எது செத்தது, எது சாகவில்லை என்று பார்த்தால் புரியும்.

எது கைக்கு வந்து சேர்ந்தது

கலையை உருவாக்கிய எட்வர்ட் வில்லியம் பார்ட்டன்-ரைட் 1860-ல் நம் பக்கத்துப் பெங்களூரில் பிறந்தவர். பொறியாளர். 1890-களின் நடுவில் ஜப்பானின் கோபே நகரில் வேலை பார்த்தபோது ஜப்பானிய மல்லுக்கட்டுக் கலையான ஜுஜுட்சுவை, ஷிண்டன் ஃபுடோ ரியூ மரபில் கற்றார். 1898-ல் லண்டன் திரும்பினார். அந்தக் கோடையில்தான் லண்டன் பத்திரிகைகள் தெருவில் வம்பிழுக்கும் ‘ஹூலிகன்’ கும்பல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தன. நடுத்தர வர்க்கத்துக்குப் பயம் பிடித்திருந்த நேரம். 1899 மார்ச், ஏப்ரல் மாதங்களில் பியர்ஸன்ஸ் மேகஸினில் அவர் படங்களோடு எழுதிய கட்டுரைகளுக்கு வாசகர்கள் கிடைத்ததில் வியப்பில்லை.

அந்தக் கட்டுரைகளில் அவர் வைத்த அடிப்படை மூன்று. எதிராளியின் நிலையைக் குலைக்க வேண்டும். அவன் சுதாரித்துத் தன் பலத்தைப் பயன்படுத்துவதற்குள் திகைக்க வைக்க வேண்டும். தேவைப்பட்டால், எந்த மூட்டும் தாங்க முடியாத கோணத்தில் அவன் கையையோ கழுத்தையோ காலையோ மடக்க வேண்டும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். மூன்றுமே இன்றைக்கும் எந்த நல்ல பயிற்சிக்கூடத்திலும் முதல் மாதத்தில் சொல்லித்தருபவைதான்.

அப்புறம் சோஹோவில், 67பி ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் பார்ட்டிட்சு கிளப் வந்தது. நிலத்தடிக் கூடம், வெள்ளை ஓடு பதித்த சுவர், மின்விளக்கு. ஆசிரியர் பட்டியல்தான் அந்த இடத்தின் பெருமை. ஜப்பானிலிருந்து யுகியோ தானி, சடகாசு உயெனிஷி. சுவிட்சர்லாந்திலிருந்து கைத்தடி ஆசான் பியர் விக்னி, மல்லர் ஆர்மான் ஷெர்பியோ. பழைய வாள்வித்தையை மீட்டெடுத்துக்கொண்டிருந்த கேப்டன் ஆல்ஃபிரட் ஹட்டனும் அங்கே கற்பித்தார். விக்னியோடு சேர்ந்து பணியாற்றிய மிஸ் சாண்டர்சன் பெண்களுக்குக் குடையையும் கைத்தடியையும் ஆயுதமாக்கச் சொல்லித்தந்தார். ஐரோப்பாவில் ஆசிய மல்லுக்கட்டும் மேற்கத்தியக் குத்தும் கம்பும் ஒரே கூரையின் கீழ் திட்டமிட்டுக் கலக்கப்பட்டது அதற்கு முன் இல்லை என்றே சொல்லலாம்.

1901-ல் லண்டன் ஜப்பான் சங்கத்தில் பேசியபோது, தன் கலையில் என்னென்ன அடங்கும் என்று பார்ட்டன்-ரைட்டே வரையறுத்தார்: கையால் குத்துவது, காலைத் தாக்கவும் தடுக்கவும் பயன்படுத்துவது, கைத்தடி, நெருங்கிப் பிடிக்கும்போது ஜூடோவும் ஜுஜுட்சுவும். இந்த நான்கில் அவர் எழுத்திலும் படத்திலும் விளக்கியது இரண்டைத்தான். ஜுஜுட்சுவை 1899-லும், விக்னியின் கைத்தடி முறையை 1901 ஜனவரி, பிப்ரவரியிலும். குத்தையும் உதையையும் வழக்கமான முறையிலிருந்து மாற்றியமைத்ததாகச் சொன்னாரே தவிர, எப்படி மாற்றினார் என்று பாடமாக எழுதி வைக்கவில்லை.

1902-ல் கிளப் மூடப்பட்டது. கட்டணம் அதிகம் என்பது பின்னாளில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மறு ஆண்டு வெளிவந்த கதையில், அருவியில் விழாமல் தப்பிய ஷெர்லாக் ஹோம்ஸ் அதற்குக் காரணம் ‘பாரிட்சு’ என்று (ஆங்கிலத்தில்) ஓர் எழுத்து குறைத்துச் சொல்ல, அந்தக் கதை வழியாகத்தான் பெயர் மட்டும் பிழைத்துக் கிடந்தது. பார்ட்டன்-ரைட் 1951-ல் இறந்தார். பெயர்க்கல்கூட இல்லாத கல்லறை. 2001 வாக்கில், ஜூடோ வரலாற்றாய்வாளர் ரிச்சர்ட் போவன் பிரிட்டிஷ் நூலகத்தில் தேடியெடுத்த அந்தப் பழைய கட்டுரைகள் இணையத்தில் ஏறின. 2002-ல் பார்ட்டிட்சு சொசைட்டி உருவானது. அன்று முதல் ஆர்வலர்கள் இரண்டு பாதைகளைப் பிரித்தே பேசுகிறார்கள்: மூலப் பார்ட்டிட்சு, புதுப் பார்ட்டிட்சு.

மூலப் பார்ட்டிட்சு

பார்ட்டன்-ரைட்டின் கட்டுரைகளில் உள்ளதை உள்ளபடி செய்வது. இதன் பலம் நேர்மை. ‘இது 1899 கட்டுரையில் உள்ளது, இந்தப் படம், இந்த வரி’ என்று ஆசிரியர் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்ட முடியும். வரலாற்றில் ஆசையுள்ளவருக்கு இதைவிடச் சுகமான பயிற்சி இல்லை.

உதாரணத்துக்கு, மேல்கோட்டு உத்தி. கோட்டைக் கைகளை நுழைக்காமல் தோளில் போட்டபடி நடக்கிறீர்கள். ஒருவன் மறிக்கிறான். கோட்டைச் சுழற்றி அவன் தலைக்கு மேல் போர்த்தி, கண் மறைந்த அந்த நொடியில் பின்னால் போய், கணுக்காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே முதுகில் தள்ளுகிறீர்கள். குப்புற விழுகிறான். படிக்க நாடகம் மாதிரி தெரியும். ஆனால் திகைக்க வைப்பதும் நிலையைக் குலைப்பதும் அதில் வேலை செய்வதைச் செய்து பார்த்தால்தான் உணர முடியும்.

பலவீனமும் இங்கேதான். எல்லாமே முன்கூட்டியே முடிவு செய்த காட்சிகள். எதிராளி இப்படி வருவான், நீங்கள் இப்படிச் செய்வீர்கள், அவன் விழுவான். அவன் அப்படி வராவிட்டால்? கோட்டு தலையில் சரியாக விழாவிட்டால்? கட்டுரை பேசாது. படங்களும் ஒரு முழு அசைவிலிருந்து இரண்டு மூன்று நொடிகளை மட்டும் வெட்டி வைத்தவை. இடையில் பாதம் எங்கே வைத்தார், எடை எந்தக் காலில் இருந்தது என்பதைச் செய்து செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும். ஏற்கெனவே வேறு ஒரு கலை தெரிந்தவருக்கு அது சுவையான வேலை. ஒன்றுமே தெரியாதவர் இதில் தொடங்கினால் படத்தில் உள்ள நிலையில் நிற்கக் கற்றுக்கொள்வார். சண்டை வராது.

இன்னொன்றும் உண்டு. நான்கில் இரண்டு பகுதிக்குப் பாடமே இல்லை என்றேன். அதனால் மூலத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், பார்ட்டன்-ரைட் எதற்காக நான்கையும் கலந்தாரோ அந்த நோக்கமே கிடைக்காமல் போகிறது.

புதுப் பார்ட்டிட்சு

அந்த இடைவெளிகளை, கிளப்போடு தொடர்புள்ளவர்களும் அவர்கள் மாணவர்களும் 1900-களிலிருந்து 1920-கள் வரை எழுதியவற்றைக் கொண்டு நிரப்பி, பார்ட்டன்-ரைட் விட்ட இடத்திலிருந்து சோதனையைத் தொடர்வது இந்தப் பாதை. உயெனிஷி 1905-ல் எழுதிய ஜுஜுட்சு நூல், அந்தக் காலத்துக் குத்துச்சண்டைக் கையேடுகள், சவாத் என்ற பிரெஞ்சு உதைச்சண்டையின் உதைகள் எல்லாம் உள்ளே வரும். கைத்தடிக்கு முக்கியமான துணை, இந்தியாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த எச்.ஜி. லாங் 1923-ல் வெளியிட்ட கைத்தடிக் கையேடு. விக்னி முறையை அவர் இங்கிலாந்தில் கற்று, இந்தியாவில் காவலர்களுக்குச் சொல்லித்தந்தார். அந்த நூல் பின்னர் ஹீப்ருவில் பெயர்க்கப்பட்டு, பாலஸ்தீனத்தில் ஹகானா என்ற யூதத் தற்காப்புப் படையினரின் பயிற்சிக்கும் போனது. லண்டன் கனவானுக்காக எழுதப்பட்ட பாடம் எங்கெங்கெல்லாம் நடந்திருக்கிறது பாருங்கள்.

இந்தப் பாதையில் நல்ல வகுப்பு அமைந்தால் அதுதான் பார்ட்டன்-ரைட்டின் மனதுக்கு மிக நெருங்கியது என்பது என் உறுதியான எண்ணம். அவர் கலை முடிந்த கலை இல்லை. நான்கு ஆண்டுகளில் பாதியில் நின்ற சோதனை. அதைத் தொடர்வதுதான் அதற்கு மரியாதை.

ஆனால் ‘நல்ல வகுப்பு அமைந்தால்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புதுப் பார்ட்டிட்சுவுக்குப் பாடத்திட்டம் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். மல்லுக்கட்டில் ஊறியவர் நடத்தினால் மல்லுக்கட்டு பலமாக இருக்கும், குத்து பெயருக்கு இருக்கும். வாள்வித்தைப் பக்கமிருந்து வந்தவரிடம் கைத்தடி பிரமாதமாக இருக்கும், கீழே விழுந்தால் என்ன செய்வது என்று தெரியாது. 2009-ல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் படத்துக்குப் பிறகு ஆர்வம் பெருகியபோது, விக்டோரியா கால உடையணிந்து கூடும் விழாக்களில் ஓரிரு மணி நேரப் பயிலரங்குகளும் வந்தன. மகிழ்ச்சிக்காக அங்கே போவதில் தவறே இல்லை. அதைத் தொடர் பயிற்சி என்று எண்ணிச் சேர்வதுதான் ஏமாற்றம் தரும்.

பார்ட்டிட்சுவில் கலந்த கலைகளைத் தனித்தனியாகக் கற்பது

கிளப் மூடியபோது ஆசிரியர்கள் மறைந்துவிடவில்லை. தானி இசையரங்க மேடைகளில் வந்தவர்களையெல்லாம் சவாலுக்கு அழைத்துப் பெயர் பெற்றார். உயெனிஷி சொந்தப் பள்ளி திறந்தார். அந்தப் பள்ளியில் கற்ற ஈடித் காரட்தான் பின்னர் வாக்குரிமைப் போராளிப் பெண்களுக்கு ஜுஜுட்சு கற்பித்தவர். அந்தப் போராட்டத்தின் தலைவி எமலின் பேங்க்ஹர்ஸ்ட்டைப் போலீஸ் பிடியிலிருந்து காக்க அமைந்த மெய்க்காப்புப் பெண்கள் அவரிடம் பயின்றார்கள். 1918-ல் குஞ்சி கொய்சுமி லண்டனில் புடோக்வாய் என்ற கழகத்தைத் தொடங்கியபோது அங்கே கற்பிக்க வந்தவர் அதே தானி. புடோக்வாய் இன்றும் நடக்கிறது. பிரிட்டிஷ் ஜூடோ அங்கிருந்து வளர்ந்தது.

ஆக, சோஹோ நிலத்தடியில் தொடங்கிய மல்லுக்கட்டு ஒரு நாளும் அறுபடவில்லை. ஆசானிடமிருந்து மாணவனுக்கு, உடம்பிலிருந்து உடம்புக்கு வந்துகொண்டே இருக்கிறது. அப்படியிருக்க, தூக்கிப் போடுவதையும் விழுவதையும் புகைப்படத்திலிருந்து கற்பதற்கு என்ன அவசியம்? ஜூடோ வகுப்பில் முதல் வாரத்திலிருந்தே அடிபடாமல் விழப் பழக்குவார்கள். மறுக்கும் எதிராளியைப் புரட்டிப் போட ஒவ்வொரு வகுப்பிலும் முயல்வீர்கள். புத்தகம் தராதது இதுதான்.

ஒரு குறையைச் சொல்ல வேண்டும். இன்றைய போட்டி ஜூடோவில் கால்பிடிக்குத் தடை. 2010-லிருந்து படிப்படியாக விதி இறுகியது. பூட்டுகளில் முழங்கை மட்டும்தான். மணிக்கட்டுப் பூட்டு கிடையாது. எனவே மேல்கோட்டு உத்தியின் கணுக்கால் பிடி போன்றவற்றை ஜூடோ ஆசிரியர் தானாகச் சொல்லித்தர மாட்டார். ஆனால் ஓராண்டு ஜூடோ பழகிய உடம்புக்கு அதைச் சேர்த்துக்கொள்வது சிரமமே இல்லை.

குத்துச்சண்டையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த நல்ல பயிற்சியாளரும் போதும். சவாத் கிடைத்தால் கூடுதல் லாபம்.

சிக்கல் கைத்தடியில்தான். பிரான்ஸில் சவாத் கூட்டமைப்பின் கீழ் ‘லா கான்’ என்ற கைத்தடி விளையாட்டு நடக்கிறது. அதைக் கற்றால் விக்னி முறை வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. விளையாட்டுக்கான கான் 95 செ.மீ. நீளமுள்ள, மிக லேசான செஸ்ட்நட் மரக் கம்பு. அனுமதிக்கப்பட்ட வீச்சுகள் ஆறு. ஒவ்வொரு வீச்சுக்கும் கையை உடம்புக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுழற்ற வேண்டும். முனையால் குத்துவதற்கு அனுமதி இல்லை. விக்னி பயன்படுத்தியது உலோகக் குமிழ் வைத்த மலாக்கா பிரம்பு. கனமான முனையால் அடிப்பது, முனையால் குத்துவது, வளைந்த கைப்பிடி என்றால் கழுத்தையோ கணுக்காலையோ கொக்கி போட்டு இழுப்பது எல்லாம் உண்டு. கைக்குக் காப்பு இல்லாத கம்பு என்பதால், தடுக்கும்போது கம்பு பிடித்த கை உயரத்தில், தலைக்கு மேலே இருக்கும். விழும் அடி விரலை நோக்கி வராமல் முனைப்பக்கம் வழுக்கிப் போகும்.

எனக்கு மிகப் பிடித்தது அவர்கள் ‘தூரத்தால் காப்பது’ என்று சொன்ன முறை. உங்கள் முன்னங்கையையோ தலையையோ வேண்டுமென்றே எட்டும்படி காட்டுகிறீர்கள். அவன் அடிக்க வரும்போது முன்காலைப் பின்னிழுத்து எல்லைக்கு வெளியே போய்விடுகிறீர்கள். அவன் வீச்சு காற்றில் போகிறது. ஆனால் அவன் உங்கள் கம்பின் எல்லைக்குள் வந்து நிற்கிறான். சிலம்பம் ஆடியவர்களுக்கு இந்தத் தூரக் கணக்கு உடனே பிடிபடும். ஆனால் கம்பின் நீளமும் ஒற்றைக்கைப் பிடியும் வேறு என்பதால் கையைப் புதிதாகப் பழக்கத்தான் வேண்டும்.

விக்னி முறை அறுந்துபோன மரபு. அதை மீட்டெடுத்தவர்கள் மறுமலர்ச்சிக்காரர்கள்தான், வேறு எங்கும் கிடைக்காது. அதனால்தான் கைத்தடிக்கு மட்டும் அவர்களிடம் போகச் சொல்கிறேன்.

வீட்டிலேயே, நண்பரோடு

பக்கத்தில் எந்த வகுப்பும் இல்லாதவர்களுக்கு இது ஒன்றே வழி. பார்ட்டன்-ரைட்டின் கட்டுரைகள் காப்புரிமைக் காலம் முடிந்தவை, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். லாங்கின் பாடவரிசை தனியாகப் பழகுபவருக்கும் ஏற்றது, ஏனென்றால் வீச்சு, தடுப்பு, காலடி என்று படிப்படியாகப் போகிறது.

கைத்தடியை இப்படிக் கற்கலாம். ஜுஜுட்சுவைக் கூடாது. விழத் தெரியாதவரைப் புத்தகம் பார்த்துத் தூக்கிப் போட்டால் தோள்பட்டையோ கழுத்தோ போய்விடும். பூட்டுகளும் அப்படியே. எவ்வளவு அழுத்தினால் போதும் என்பதைத் தெரிந்தவர் ஒருவர் கையில் நீங்கள் மாட்டி உணர்ந்திருக்க வேண்டும்.

கம்பு ஏறத்தாழ மூன்றடி. வெறும் பிரம்பில் தொடங்குங்கள், குமிழ் வேண்டாம். சாதாரண வாள்விளையாட்டு முகமூடி மெல்லிய வாளுக்காகச் செய்தது, பின்மண்டையை மூடாது. கைத்தடிக்குப் பின்மண்டைக் காப்பும் சேர்த்த முகமூடி வேண்டும். தடித்த கையுறை இல்லாமல் வேகம் கூட்டவே கூடாது. இந்தக் கலையில் முதலில் அடிபடுவது விரல்தான்.

யாருக்கு எது

தெருவில் தன்னைக் காத்துக்கொள்வதுதான் உங்கள் ஒரே நோக்கம் என்றால், பார்ட்டிட்சு என்ற பெயருக்காக அலைய வேண்டாம். குத்துச்சண்டையும் ஜூடோவும் போதும், சீக்கிரமாகவும் பலன் தரும். கைத்தடி விஷயத்தில் சட்டமும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1953-ம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டப்படி, சாதாரணப் பொருளானாலும் பிறரைத் தாக்கும் எண்ணத்தோடு பொது இடத்தில் வைத்திருந்தால் அது ஆயுதமாகிவிடும். ‘தற்காப்புக்காகத்தான் தடி எடுத்துவந்தேன்’ என்று போலீஸிடம் சொல்வது உங்களுக்கே எதிராகத் திரும்பலாம். உண்மையிலேயே நடப்பதற்குத் தடி ஊன்றுபவரின் நிலை வேறு. வயதானவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், தூக்கிப் போடும் பயிற்சிக்கு உடம்பு ஒத்துழைக்காதவர்கள் நேராகக் கைத்தடியில் தொடங்குவதை நான் மனதார ஆதரிக்கிறேன். தூரமும் நேரமும்தான் அதில் முக்கியம், பலம் பிறகுதான்.

வரலாற்றுக்காக வருபவர், மூலப் பார்ட்டிட்சுவில் தொடங்கி அங்கேயே நின்றாலும் நஷ்டமில்லை. ஏற்கெனவே ஏதாவது ஒரு கலையில் சில ஆண்டுகள் கழித்தவர் நேராகப் புதுப் பார்ட்டிட்சுவுக்குப் போகலாம். கலப்பதற்கு அவரிடம் சரக்கு இருக்கிறது.

மற்ற எல்லோருக்கும், அதாவது பெயரைக் கேட்டு ஆசைப்பட்டு முதல்முறை வருபவருக்கு, ஓராண்டு ஜூடோ, கூடவே கொஞ்சம் குத்துச்சண்டை, வார இறுதியில் கைத்தடி. ஓராண்டு கழித்து மேல்கோட்டு உத்தியைச் செய்து பார்த்தால் அது நாடகமாகத் தெரியாது.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கப் போகும்போது சேர்வதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். முகமூடி போட்டு, ஒத்திகை இல்லாமல் மோதும் நேரம் அந்த வகுப்பில் இருக்கிறதா? விழப் பழக்குகிறார்களா? அப்புறம் ஆசிரியரிடம் ஏதாவது ஒரு உத்தியைக் காட்டி, இது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ‘இது 1901 கட்டுரை, இது லாங், இந்தக் கடைசி அசைவு நான் சேர்த்தது’ என்று தயங்காமல் பிரித்துச் சொல்கிறவரிடம் தைரியமாகப் பணம் கட்டலாம். எல்லாமே பார்ட்டன்-ரைட் சொன்னதுதான் என்று ஒருவர் சொன்னால், அவர் கற்பிக்கும் குத்துக்கும் உதைக்கும் எந்தக் கட்டுரை ஆதாரம் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.